ரசமணி ஊறிய பால்

1979 பிப்ரவரி 12, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மலையுச்சி தெரியாத பனிமூட்டம். ரத்த அழுத்தம் குறைவதற்காக ரசமணி ஊறிய பாலை அன்றுதான் முதலில் குடித்தேன். பாதரசத்தோடு ஈயம் சேர்த்துக் கட்டிய அந்த உருண்டையை, அடி அண்ணாமலையில் ஒரு சாமியாரிடம் வாங்கியிருந்தேன். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள் குடிக்கச் சொல்லியிருந்தார்.

தொடங்கும்போது அழுத்தம் 150. நாற்பத்தெட்டாம் நாள் 170. மணி போதுமான நேரம் ஊறவில்லை என்று நானே முடிவுகட்டி, பாலில் மூன்று மணி நேரம் ஊறவைத்து வந்ததை எட்டு மணி நேரமாக்கினேன். இரண்டாம் மண்டலம் முடிந்தபோது 190. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை.

டாக்டர் சிறுநீரைப் பரிசோதித்தார், புரதம் ஒழுகியது. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டதும், தேதிவாரியாக எழுதிய நோட்டைப் பெருமையோடு நீட்டினேன்.

"தொண்ணூத்தாறு நாள் விஷம் குடிச்சதை இவ்ளோ சுத்தமா எழுதி வெச்ச ஆளை இப்பத்தான் பாக்கறேன் சார். இது கிட்னியை அரிக்குது. கிட்னி கெட்டா பிரஷர் ஏறும். ஏறின பிரஷர் திரும்பவும் கிட்னியத்தான் அடிக்கும்."

"ஒரு நாள்கூட விடலீங்க டாக்டர்" என்றாள் என் மனைவி. "உப்பைக் கம்மி பண்ணுங்கன்னு நான் சொன்னா மட்டும் மறந்துடுவாரு."

பாலை நிறுத்தியபின் வீக்கம் மெல்ல வடிந்தது. சிறுநீரகம் முக்கால்வாசி தப்பியது. அழுத்தம் இறங்க மறுத்தது. மணியின் விலை, வைத்தியம், பத்தாண்டு மாத்திரை எல்லாம் சேர்த்து நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய், அறுபது பைசா.