வலையைப் பிடித்த கொக்கி மரம்

"எங்கட வீட்டு மரத்தை அப்பா ஞாயிற்றுக்கிழமை வெட்டப்போறார். பார்க்க விருப்பமெண்டால் நாளைக்கே வா" என்று என் வகுப்புத் தோழி துஷா வெள்ளிக்கிழமை சொன்னாள். கொக்கிக் காய் காய்க்கும் அந்த மடகஸ்கார் மரத்தை நான் புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். அம்மாவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு மறுநாளே புறப்பட்டேன்.

திருகோணமலை பஸ் நிலையத்தில் காலை 7.40க்கு நிலாவெளி பஸ். ஆளுக்கு அறுபது ரூபாய். இருபது நிமிடத்தில் உப்புவெளி. அங்கிருந்து கடற்கரைப் பக்கம் அரைக் கிலோமீற்றர் நடை.

வாசல் படலையிலிருந்தே மரம் தெரிந்தது. எட்டடி உயரம். அடிமரம் குடம்போல வீங்கி, தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கிறது. பூக்கள் பளிச்சென்ற மஞ்சள், தொண்டை மட்டும் கருநாவல் நிறம். காயின் ஒவ்வொரு முள் நுனியிலும் ஒரு சின்னஞ்சிறு நங்கூரம்! பக்கத்து விடுதியில் தங்கிய வெளிநாட்டுக்காரர் சட்டியோடு விட்டுப்போன கன்றாம் இது.

துஷாவின் அப்பா கடற்றொழிலாளி. மரத்துக்கும் தென்னைக்கும் இடையே கட்டிய கயிற்றில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அதில் சிக்கி மூன்று காய்கள்.

"இழுத்தால் வலைக் கண்ணி அறுகுது, பிள்ளை. போன கிழமையும் இதே வேலைதான்" என்றார்.

நான் ஆர்வத்தில் ஒன்றை இழுத்தேன். என் விரலும் மாட்டிக்கொண்டது. அம்மா கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்து, கொக்கி நுனிகளை ஒவ்வொன்றாக நறுக்கினார். விரல் விடுபட்டது. பிறகு வலையும். ஒரு கண்ணிகூட அறவில்லை.

"மரம் நடந்து வந்து வலையில ஏறினதோ, அப்பா? நீங்கள்தானே கொண்டுபோய் அதில கட்டினீங்கள்" என்றாள் துஷா.

"வாயைப் பார்! வேற எங்க கட்டுறது?"

"தென்னையில இருந்து மதிலுக்குக் கட்ட ஏலாதோ, அண்ணை?" என்று அம்மா கேட்டார்.

அவர் ஒரு காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ர நங்கூரம்கூட இப்பிடிப் பிடிக்காது" என்றார். உள்ளே போய்க் கத்தியோடு வந்தார். துஷா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

மரத்தில் கட்டியிருந்த கயிற்றைத்தான் வெட்டினார்.

நீங்களும் போவதென்றால் வெயில் ஏறமுன் போங்கள். சால்வை வேண்டாம், நகவெட்டி கட்டாயம். படலையில் நின்று கூப்பிட்டால் அவரே வந்து காட்டுவார். "இழுக்காதேங்கோ" என்பார். ஏனென்று என் விரலைக் கேளுங்கள், அது சொல்லும்.