நெருப்புக்கு எச்சில் இல்லை

பிளானோவில் எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு செயற்கைக் குளம் இருக்கிறது. நடுவில் ஒரு நீரூற்று. யாரும் பார்க்காவிட்டாலும் நாள் முழுக்கப் பொறுப்பாகப் பீய்ச்சிக்கொண்டிருக்கும். எங்கள் டீமில் அப்படி ஒருவர்கூடக் கிடையாது. குளக்கரையில், கட்டடத்து வாசலிலிருந்து நன்றாகத் தள்ளி, புகைப்பவர்களுக்கென்று ஒரு பெஞ்சும் சாம்பல் தொட்டியும் போட்டிருந்தார்கள்.

டெக்சாஸ் வெயிலில், மதியச் சாப்பாடு கண்ணிமையில் வந்து உட்காரும் நேரத்தில் அங்கே நின்றால், பார்க்கிங்கின் தார்த்தரை நெளியும். கார்கள் எல்லாம் தண்ணீரில் மிதப்பது போல மெல்ல ஆடும். நீண்ட வாலுள்ள கறுப்புப் பறவைகள் அவற்றின் கூரைமேல் நடை பழகும். அந்தச் சூட்டில் போய் சிகரெட் பற்ற வைப்பவனுக்கு மூளை இருக்காது என்று மனைவி சொல்வாள். மூளை மேலே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தது. மிச்சம் இருந்த நான் மட்டும்தான் கீழே இறங்குவேன், ஏனென்றால் அங்கே அவர் இருப்பார்.

அவர் பொள்ளாச்சிப் பக்கம். வேறு டீம், வேறு மாடி, என்னைவிடச் சற்றே மூத்தவர். முதல்நாள் நான் போனில் மனைவியிடம், "சரிம்மா, கொத்தமல்லி, பச்சமொளகா, வேற?" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்ததைக் காதில் வாங்கியபடி பக்கத்தில் வந்து நின்றார். நான் போனை வைத்ததும், "ஏனுங்க, நெருப்பு இருக்குங்களா?" என்றார். கடல் தாண்டி வந்து ஒருவர் என்னிடம் தமிழில் நெருப்பு கேட்கிறார். அந்த நொடியே சொத்தில் பாதியை எழுதிக் கொடுத்திருப்பேன். சொத்து என்று அப்போது இருந்தது அந்த லைட்டர்தான்.

அப்படி ஆரம்பித்த பழக்கம். அவர் அம்மாவுக்கு சர்க்கரை எவ்வளவு ஏறியது, தங்கை மாப்பிள்ளை எப்படிப்பட்ட ஆள், கிரீன் கார்டு வரிசையில் அவர் எங்கே நிற்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவர் வீடு எங்கே என்று தெரியாது. பக்கத்து ஊர் ரிச்சர்ட்சனில் எங்கோ. புகை நட்பு அப்படித்தான். பெஞ்சில் தொடங்கிப் பெஞ்சிலேயே முடியும். கடைசி சிகரெட் ஒன்றுதான் இருக்கிறதென்றால் ஆளுக்குப் பாதி. அவர் பாதி வரை இழுத்துவிட்டு நீட்டுவார். வாங்கிக்கொண்டு நான் தொடர்வேன். பேச்சு நிற்கும் இடங்களைப் புகை நிரப்பிவிடும். கண்ணை அரைவாசி மூடினால் நீரூற்றின் சத்தம் எங்கோ தூரத்து மழை மாதிரி கேட்கும். வாழ்க்கையில் நான் செய்த தியானம் எல்லாம் அந்தப் பெஞ்சில் செய்ததுதான்.

இதற்கு நடுவில் என் மகளுக்கு மூக்கு முளைத்தது. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் யாரோ நுரையீரல் படம் காட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து நான் வீட்டுக்குள் நுழைந்தால், ஓடிவந்து பாதியில் பிரேக் போட்டு நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ஸ்டிங்கி! கோ வாஷ் ஃபர்ஸ்ட்!" என்பாள். குளித்துவிட்டு வருவதற்குள் அவள் வேறு எதிலாவது மூழ்கியிருப்பாள். அணைப்பு காலாவதியாகிவிடும்.

விட்டுவிடலாம் என்று முடிவெடுத்திருந்தால் அது வீரம். நான் மாறிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். இந்தியன் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு வேப் கடை, நெருப்பில்லாமல் பேட்டரியில் ஆவி ஊதும் கருவி விற்கிற இடம். உள்ளே போனால் ஜூஸ் கடை மாதிரி வரிசை வரிசையாகப் புட்டிகள்: மாம்பழம், தர்பூசணி, பெயரே தெரியாத பழங்கள். ஃபில்டர் காபி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரப் பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு மாம்பழத்தை எடுத்துக் கொடுத்தான். எந்த மரத்திலும் காய்க்காத, கனவில் மட்டும் பழுக்கிற ஒரு மாம்பழம் அது.

இதனால் எவ்வளவு மிச்சமாகும் என்று மனைவியிடம் ஒரு பட்ஜெட் உரையே நிகழ்த்தினேன். அப்புறம் அந்தக் கருவி ஒழுகியது. அதைவிட நல்லதாக இன்னொன்று. காருக்கு ஒன்று. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிப்போகும், அதற்கு மாற்று. பிடிக்காத பழங்கள் ஒரு டிராயர் நிறைய.

"முன்னாடியெல்லாம் பாக்கெட்ல ஒரு பாக்கெட் இருக்கும், அவ்ளோதான்," என்றாள் மனைவி. "இப்போ ஒரு லேப் வெச்சிருக்கீங்க. இத யாரு இன்ஷூரன்ஸ் பண்றது?"

ஆனால் மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மோந்து பார்த்து, "யூ ஸ்மெல் லைக் கேண்டி," என்றாள். அதற்கப்புறம் என்ன பட்ஜெட்!

மறுநாள் கருவியை எடுத்துக்கொண்டு பெருமையாகக் குளக்கரைக்குப் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது பென் டிரைவுங்களா?"

"வேப்ங்க. சிகரெட்ட விட்டுட்டேன். நீங்களும் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க."

அவர் முகத்தில் ஒரு சங்கடம் படர்ந்தது. "வாய் வெச்சுங்களா?"

"பின்ன? காதுலயா வெப்பாங்க?"

"எச்சில் இல்லீங்களா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இத்தன நாளா ஒரே சிகரெட்ட ஆளுக்குப் பாதி பிடிச்சிருக்கோம். அப்ப வராத எச்சில் இப்ப எங்கேர்ந்துங்க வந்துச்சு?"

"அதுங்க..." என்று இழுத்தார். பிறகு தீர்ப்பு சொன்னார். "அது நெருப்புங்க. நெருப்புக்கு எச்சில் இல்ல. இது பிளாஸ்டிக். ஒருத்தர் டூத் பிரஷ்ஷ இன்னொருத்தர் வாய்ல வெச்ச மாதிரி இருக்குது."

என் மனம் நோகக் கூடாது என்றும் அவருக்கு இருந்தது. கருவியை வாங்கி, முஷ்டிக்குள் செருகி, கட்டைவிரல் பக்கம் வாயை வைத்து, உதடு படாமல் உறிஞ்சினார். சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துப் பழகிய பரம்பரை, ஆவியையும் அப்படியே குடிக்கப் பார்த்தது. விரலிடுக்குகளில் எல்லாம் வெள்ளையாகக் கசிந்தது. புகை பிடிப்பவர் போல இல்லை, கை தீப்பற்றியவர் போல இருந்தார். இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது.

"பல் டாக்டர் ரூம்ல மாம்பழம் சாப்டாப்ல இருக்குதுங்க," என்று திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும் முன் வேட்டி இல்லாத குறைக்குத் தன் டீ-ஷர்ட்டில் ஒருமுறை துடைத்தார்.

பிறகு அவர் தன் சிகரெட்டைப் பற்ற வைத்தார், நான் என் பழத்தை ஊதினேன். இரண்டு மேகமும் கலக்காமல் தனித்தனியாகக் குளத்தின் மேல் போயின.

அன்று மாலை வீட்டில் ஓடிவந்த மகள் மறுபடி பிரேக் போட்டாள். என் சட்டையை இரண்டு விரலால் தூக்கி மோந்து பார்த்தாள். "அப்பா. யூ சீட்டட்."

"இல்லடா, அது பக்கத்துல நின்ன அங்கிள் பிடிச்சது."

"தென் டோண்ட் ஸ்டாண்ட் நெக்ஸ்ட் டு ஹிம்."

அவ்வளவுதான். குழந்தைகளுக்கு எல்லாமே ஒரு வரி. ஆபீஸ் மாடியிலேயே இருந்தால் மகள் கிடைப்பாள், கீழே இறங்கினால் அவர். காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். டெக்சாஸ் காற்றுக்குத் திசை என்று ஒன்று கிடையாது. சட்டை மாற்றிப் பார்த்தேன். முடியை என்ன செய்வது, இருக்கிற கொஞ்சத்தையும் மொட்டையடிக்கவா? கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைக் குறைத்தேன். அவர் "வர்றீங்களா?" என்று மெசேஜ் அனுப்புவார். "மீட்டிங்ல இருக்கேன்," என்பேன். சில நாள் அது உண்மையாகக்கூட இருக்கும்.

இறங்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. அதுதான் அந்தக் கருவியின் விசேஷம். சிகரெட்டுக்கு ஒரு தலை, ஒரு வால் உண்டு. முடிந்தால் மேலே போக வேண்டும். இது முடியவே முடியாது. காரில் ஊதினேன். டோல்வேயில் கண்ணாடி முழுக்க வெண்மை படர, பழைய பக்திப் படங்களின் தேவலோகத்தில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு போவது போல இருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் கேமராவை ஆஃப் பண்ணிவிட்டு ஊதினேன். பேசுகிறவர்கள் எல்லாரும் மேகத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசினார்கள். மாதங்கள் பஞ்சு மாதிரி, கையில் படாமல், மாம்பழ வாசனையோடு நகர்ந்தன.

"முன்னாடி வெளிய போய் பிடிச்சிட்டு மனுஷனா உள்ள வருவீங்க," என்றாள் மனைவி. "இப்ப எந்நேரமும் இட்லிப் பானை மாதிரியே இருக்கீங்க. இட்லிதான் வரமாட்டேங்குது."

ஒருநாள் எங்கள் மாடியின் ஜன்னல் வழியாகக் குளத்தைப் பார்த்தேன். பெஞ்ச் காலியாக இருந்தது. மறுநாளும் காலி. அந்த வாரம் முழுக்கப் பார்த்தேன். நீரூற்று இருந்தது, பறவைகள் இருந்தன, அவர் இல்லை. ஆபீஸில் அப்போது லேஆஃப் காற்று அடித்துக்கொண்டிருந்தது. நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருடைய பேட்ஜ் இன்று கதவைத் திறக்காது. விசாவில் இருப்பவர் என்றால் அப்புறம் வேலை தேடுவதா, வீட்டைக் காலி பண்ணுவதா என்றே தெரியாது. ஆபீஸ் சாட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் புள்ளி.

அவருடைய மாடிக்குப் போனேன். என் பேட்ஜுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. வீடு தெரியாது, மனைவி பெயர் தெரியாது, கேட்க ஒரு ஆள் தெரியாது. அம்மாவின் சர்க்கரை அளவை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை எப்படித் தேடுவது? கீழே இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்து மெசேஜ் அனுப்பினேன்: "கீழ வர்றீங்களா?"

ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. "எதுக்குங்க?"

மனிதர் இருக்கிறார்! எதுக்கு என்றுதான் எனக்குத் தெரியவில்லை. ஒரு டீ, ஒரு தம் என்று ஏதாவது சாக்கு இல்லாமல் நான் யாரையும் எங்கும் கூப்பிட்டதில்லை. உங்களைப் பார்க்கணும் என்று ஒரு ஆம்பளை இன்னொரு ஆம்பளைக்கு மெசேஜ் அனுப்பினால் ஒன்று கடன், இல்லை ஜோசியம். யோசித்து, "சும்மா," என்று தட்டினேன்.

வந்தார். கன்னம் பூசினாற்போல இருந்தது. பெஞ்சில் உட்காரவில்லை, தள்ளியே நின்றார்.

"பயந்தே போயிட்டேங்க. ஆளையே காணோம். புள்ளி வேற கிரே கலர்ல இருக்கு."

"அந்த சாட்டு அப்படித்தானுங்க, எனக்கே நான் இருக்கறனான்னு சந்தேகம் வந்துரும்," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "விட்டுட்டேனுங்க," என்றார்.

"வேலையவா?"

"சிகரெட்ட. நீங்க வரல. கொஞ்ச நாளு தனியா நின்னு பாத்தேன். தனியா நின்னா அது வெறும் புகைங்க. சீன்னு போச்சு. ஒரு நாள் எறங்கல, அப்படியே நின்னுருச்சு."

நான் இங்கே டிராயர் நிறையப் பழங்களோடு, காலை முதல் இரவு வரை கொதித்துக்கொண்டிருக்கிறேன். இவர் காலணா செலவில்லாமல், என்னைப் பார்க்காமல் இருந்தே சிகரெட்டை விட்டுவிட்டார். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே சமூக சேவை, வராமல் இருந்தது.

"அப்ப இனிமே நிம்மதியா நிக்கலாமே," என்றேன். "நாளைக்கும் வாங்க."

அவர் தலையை ஆட்டினார். "அதுதான் முடியாதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க மொகத்தப் பாத்தாலே கை பாக்கெட்டுக்குப் போகுது. இப்பக்கூடப் பாருங்க."

பார்த்தேன். அவருடைய வலது கை சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்து யாருக்கும் ஆசை வந்ததில்லை. வந்த ஒரே ஆசையும் இதுதான்.

நீரூற்று தன்பாட்டுக்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. போய்விடுவார் என்று நினைத்தேன். நாலு அடி போனவர் திரும்பி வந்தார்.

"ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க. பாப்பாவையும் கூட்டிட்டு. ஊட்ல வெச்சுப் பாத்தா கை போவாதுங்க. எங்கூட்டுக்காரி இருப்பா."

"உங்க வீட்ல கேட்டா எப்படிப் பழக்கம்னு சொல்றது?"

"அவளுக்கு நான் சிகரெட் பிடிச்சதே தெரியாதுங்க," என்றவர் நெற்றியைச் சுருக்கினார். "ஏதாச்சும் சொல்லிக்கலாம்."

என்ன சொல்வது என்று பேசி வைத்துக்கொள்ளாமல் போனதுதான் தவறு. ஞாயிற்றுக்கிழமை ரிச்சர்ட்சனில் அவர் வீட்டு வாசலில் நின்றோம். அவர் மனைவி கதவைத் திறந்து, வாங்க வாங்க என்று சிரித்துவிட்டு, "எப்படிங்க பழக்கம்?" என்றார்.

"கோயில்ல," என்றேன் நான்.

"வாக்கிங்குல," என்றார் அவர், அதே நேரத்தில்.

அந்த அம்மா எங்கள் இரண்டு தொப்பைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓ, அந்த சிகரெட் ஃப்ரெண்டுங்களா? உள்ள வாங்க. காபியா, டீயா?"

என் மனைவி சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை போயிருக்கும்.

பெண் பார்க்க வந்தவர்கள் போல சோபா நுனியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு அறைக்குள் வைத்து அவரை நான் பார்த்ததே இல்லை. ஏசி நன்றாக வேலை செய்கிறது என்றேன். ஆமாங்க என்றார். உள்ளே பெண்கள் அதற்குள் நெடுநாள் சிநேகிதிகள் ஆகியிருந்தார்கள். என் கருவி காரில் இருந்தது. விரல்கள் அதை நினைத்து ஊறின.

கடைசியில் அவர் எழுந்து, "பின்னால தோட்டம் இருக்குது, பாக்கறீங்களா?" என்றார். தோட்டம் என்பது நாலு கத்தரிச் செடி, ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. மாலை வெயில் வேலிப்பலகைகள் மேல் தேன் மாதிரி வழிந்துகொண்டிருந்தது. இருவரும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், முதலில் இடுப்பில், பிறகு முதுகுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தோம். அவர் ஒரு கத்தரிக்காயைத் தடவியபடி, "அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் வெச்சிருக்குதுங்க," என்று ஆரம்பித்தார்.

என் மகள் ஓடிவந்து அவர் சட்டையை மோந்து பார்த்தாள். என்னிடம் திரும்பி, "ஹீ இஸ் ஃபைன்," என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு ஓடினாள்.

"கார்ல ஏதாச்சும் எடுக்கோணுமுங்களா? வாசப்பக்கமே திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க," என்றார்.

எடுக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அம்மாவின் கண் ஆபரேஷன் பாதியில் நின்றிருந்தது.

"இல்லீங்க," என்றேன். "சொல்லுங்க. எந்தக் கண்ணு?"