வீட்டுப்பேர் இல்லாதவர்கள்

செத்துப்போனவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது எங்கள் தொழிலில் சுலபமான பாதி. உயிரோடிருக்கும் குமாஸ்தாவை அவருடைய நாற்காலியில் கண்டுபிடிப்பதுதான் மற்றப் பாதி.

எழுபதுகளின் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் மட்டாஞ்சேரியில் நான் செய்த வேலைக்குச் சரியான பேர் கிடையாது. அதற்கு முன்னால் ஒரு மிளகுக் கம்பெனியில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். கம்பெனி மூடியதும், பத்திரம் எழுதும் வறீது சேட்டனின் கடையில் பாதி மேஜை பிடித்து உட்கார்ந்தேன். பழைய மலையாள எழுத்து வாசிப்பேன், தமிழ் எண்கள் தெரியும், கொல்லம் ஆண்டை இங்கிலீஷ் ஆண்டாக மனக்கணக்கில் மாற்றுவேன். பாஸ்போர்ட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பென்ஷனுக்கும் தாத்தா தேவைப்பட்ட காலம் அது. தாத்தா உயிரோடு இருந்தபோது அவரை எவனும் எதுவும் கேட்டதில்லை. செத்தபிறகு அவர் பிறந்தாரா என்று கேட்டார்கள். பிறக்காமல் எப்படிச் சாவது என்று நான் திருப்பிக் கேட்டால், அதிகப்பிரசங்கி என்று பேர்.

நான் அலைந்த அலுவலகத்தின் பேரைச் சொல்லப்போவதில்லை. நீங்களும் அதேபோல ஒரு ஜன்னலுக்கு முன்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றவர்தான், உங்களுக்கே தெரியும்.

அண்ணாச்சி

மீனாட்சி இஞ்சிப் பண்டகசாலையில் சுக்கு பொறுக்குகிறவள். சுக்குத் தூசி ஏறி ஏறித் தொண்டை கட்டிப்போய், பேசினால் பாதிதான் வெளியே வரும். புருஷன் சுப்பையா மூட்டை தூக்கியவர். இரண்டு வருஷம் முன்பு தவறிவிட்டார். ஒரே மகள் சாந்தாவுக்கு ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. இந்த ஊர்க்காரி என்று சான்றிதழ் கொண்டுவந்தால் இடம் நிற்கும், மாதக் கடைசிக்குள் வராவிட்டால் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். சாந்தாவோ பிறந்தது தென்காசியில். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அந்த ஒரு வழக்கத்தால் அந்தப் பெண் கேரளாக்காரி ஆகாமல் போனாள். தென்காசியில் கேட்டால், அப்பன் கொச்சிக்காரன், அங்கே போ என்றார்கள்.

மிச்சமிருந்த ஒரே வழி, சுப்பையா மட்டாஞ்சேரியில் பிறந்தார் என்று பழைய பிறப்புப் பதிவிலிருந்து நகல் வாங்குவது. நான் மீனாட்சியை அழைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். உள்ளே தாமோதரன். என்னைவிடப் பத்து வயது இளையவர். மீனாட்சி என்னை அண்ணாச்சி என்பாள். தாமோதரனும் அண்ணாச்சி என்பார். தென்காசியில் அது மரியாதை. அந்த ஜன்னலில் அது, மூட்டையோடு ரயிலில் வந்திறங்கின தமிழர் எல்லோருக்கும் பொதுவாக ஒட்டுகிற சீட்டு. நான் பிறந்தது இங்கே, என் அப்பா பிறந்தது இங்கே என்று தாமோதரனிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லாம் சரி, அண்ணாச்சி எப்போ ஊருக்குத் திரும்பிப் போறது?"

செல்லு

சுப்பையா பிறந்த வருஷம் மீனாட்சிக்குத் தெரியாது. ஆனால் அவள் மாமியார் சொல்லிவைத்திருந்தாள்: பெரிய வெள்ளம் வந்த மறுவருஷம் என்று. இந்த ஊரில் அது போதும். கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில், இங்கிலீஷ் கணக்கில் 1924-ல், வந்த வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. அதற்கு அடுத்த வருஷத்துப் புத்தகம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தாமோதரன் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே அந்தப் புத்தகத்தைச் செல்லரித்துவிட்டது என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "நேத்துப் பார்த்தீங்களா, இன்னிக்குப் பார்த்தீங்களா?" என்றேன். பார்க்கவில்லை. "பின்னே எப்படித் தெரியும்?" தெரியும். "எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரைக்கும்?" வரிசையில் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். தாமோதரனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் மலையாளத்தில் கேட்டதைத் தமிழில் அப்படியே தருகிறேன்: "செல்லு என்கிட்ட சொல்லிட்டா போய்த் திங்குது?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம்

செல்லரித்துவிட்டது என்பதை எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். மறுநாளே புத்தகம் முழுசாக வந்தது, ஓரம்கூட மடங்காமல். ஆனால் ஒரு விதி இருந்ததாம். பேர்கள் வீட்டுப்பேரின் முதல் எழுத்துப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஓர் எழுத்தைப் பார்க்க ஒரு விண்ணப்பம், ஒரு நாளைக்கு ஒரு விண்ணப்பம். மலையாளத்தில் எத்தனை எழுத்து என்று எண்ணிப் பாருங்கள். மாதம் முடிய அதில் பாதி நாள்கூட இல்லை. முதலில் ராமலிங்கத்தின் 'ர' பார்த்தேன். அவர்தான் சுப்பையாவின் அப்பா. இல்லை. வீட்டுப்பேர் இல்லாதவர்களை எழுதிய கடைசிப் பக்கம் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

அந்த நாட்களில்தான் சுள்ளிக்கல் தையல்கடை காதர் என் மேஜைக்கு வந்தார். துபாய் விசா கையில். பிறப்புச் சான்று இல்லை. அவர் பிறந்தபோது ஊர் இரண்டு ஆட்சிக்குக் கீழே இருந்தது: அவர் வீடு ராஜாவின் கொச்சியில், அவர் அம்மா பிரசவித்த ஆஸ்பத்திரி ரோட்டுக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரன் கொச்சியில். வெள்ளைக்காரன் பக்கத்துப் பதிவுகளில் தலைப்பில் மதராஸ் ராஜதானி என்று அச்சடித்திருக்கும். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, மெட்ராஸில் பிறந்தவருக்கு மெட்ராஸில்தான் தருவார்கள் என்று தாமோதரன் அனுப்பிவைத்துவிட்டார். என்னிடம் வருவதற்கு முன்பே காதர் மெட்ராஸ் போய், அங்கே அது மலபார் ஜில்லா, கோழிக்கோடு போ என்று சொல்ல அங்கும் போய், கோழிக்கோட்டில் கொச்சி என்று சொல்லத் திரும்பி வந்திருந்தார். பதிவுப் புத்தகம் தாமோதரனின் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. அரைமணியில் நகல் வாங்கிக் கொடுத்தேன். விசா காலாவதியாகியிருந்தது. காதர் நகலை நீளவாக்கில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எங்கம்மா வலி எடுத்த அன்னைக்கு ரோட்டைத் தாண்டாம இருந்திருந்தா, நான் இந்நேரம் துபாய்ல சட்டை தெச்சுக்கிட்டிருப்பேன் பிள்ளைவாள்."

எண்ணூறு வருஷம்

கோபம் முழுவதையும் தாமோதரனுக்கே கொடுத்துவிட்டால் வாடிக்கையாளர்கள் கோவித்துக்கொள்வார்கள். பம்பாயிலிருந்து ஒரு மசாலா வியாபாரி வந்தார். தன் குடும்பம் 1074 முதல் கொச்சியில் வாழ்கிறது, போர்த்துகீசியருக்கும் முந்தியது, அதை உறுதிப்படுத்தி நான்கு வரி எழுதிக் கொடுங்கள், மகள் கல்யாணப் பத்திரிகையில் போடவேண்டும் என்றார். கையில் ஒரு பழைய வரி ரசீது. அதில் 1074 என்று அழகாகத்தான் இருந்தது.

அது கொல்லம் ஆண்டு. இங்கிலீஷ் கணக்கில் 1899. அதைச் சொல்வதற்கு முன், கொஞ்சம் விஷமமாக, அவர் சொல்லும் வருஷத்தில் கொச்சியில் கடலைத் தவிர வேறு எது இருந்தது என்று தெரியவில்லை என்றேன். பிறகு விளக்கினேன். பாவம், முகம் சுருங்கிவிட்டது. நான் அவர் தாத்தாவைக் கொலை செய்ததுபோல் பார்த்தார். ரசீதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வாசல்படியில் நின்று திரும்பிச் சொன்னார்: "எங்க வம்சத்துல எண்ணூறு வருஷத்தை ஒரே வாய்ல முழுங்கிட்டீரே, உமக்கு ஜீரணமாகுமாய்யா?"

வறீது சேட்டனின் காது

மாதம் முடியும் தறுவாயில் மீனாட்சி பண்டகசாலையிலிருந்து நேரே வந்தாள், தலையெல்லாம் சுக்குத் தூசியோடு. சாந்தா சாப்பிட மாட்டேன் என்கிறாளாம். பண்டகசாலை மேஸ்திரி, பேசாமல் மகளையும் பொறுக்க அனுப்பு என்று சொல்லிவிட்டாராம். "நான் பொறுக்குனது போதும் அண்ணாச்சி, அவ பொறுக்க வேண்டாம்" என்றாள். நான் எரிச்சலில் இருந்தேன். எந்த எழுத்தில் தேடுவது? மலையாளிக்கு வீட்டுப்பேர் இல்லாமல் மூச்சுவிட முடியாது. நமக்கோ ஊர்ப்பேரும் அப்பன் பேரும்தான். உன் மாமனாரிடம் வீட்டுப்பேர் கேட்டிருப்பார்களே, அவர் என்னதான் சொல்லியிருப்பார் என்று கத்திவிட்டேன்.

"எங்களுக்கு ஏது அண்ணாச்சி வீட்டுப்பேரு?" என்றாள் மீனாட்சி. இருமல் வந்தது. இருமலுக்கு நடுவே, "அவுக வந்த நாள்லேருந்து வாடக வீடுதான்" என்றாள். எதிர் மேஜையில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மூழ்கியிருந்த வறீது சேட்டன் தலையை நிமிர்த்தினார். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நெடில் குறிலாகியிருந்தது, ஒரு குறில் நெடிலாகியிருந்தது, இல்லாத ஒற்று ஒன்று முளைத்திருந்தது. எங்கள் இலக்கண வாத்தியார் கேட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். வறீது சேட்டன் கேட்டது இதுதான்: "வடக்கே வீடோ? ஏது வடக்கே வீடு பிள்ளைச்சேட்டா, கோயிலுக்குப் பின்னால இருக்கிற நாயர் வீடா?"

தாமோதரனின் கையெழுத்து

மறுநாள் 'வ' பார்த்தேன். இருந்தது. வடக்கேவீட்டில் ராமலிங்கம், ஆண் குழந்தை. வீட்டுப்பேரோடு 'இல்' சேர்த்து எழுதுவது இந்த ஊர் வழக்கம். அப்பன் தொழில் என்ற இடத்தில் சுமடு என்று எழுதியிருந்தது. மூட்டை தூக்குவதற்கு அங்கே அதுதான் பேர். எனக்குக் கண் நனைந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அலமாரித் தூசி என்றே வைத்துக்கொள்ளுங்கள். தாமோதரன் அசையவில்லை. வடக்கேவீடு நாயர் குடும்பத்துத் தறவாடு, இந்த ஸ்திரீ அண்ணாச்சி ஜாதி, நகல் தர முடியாது என்றார். எந்த நாயர் ராமலிங்கம் என்று பேர் வைத்துக்கொண்டு மட்டாஞ்சேரியில் மூட்டை தூக்கினார் என்று கேட்டேன். அதெல்லாம் தன் வேலையில்லை என்றார்.

இனி வாதாடிப் பயனில்லை. மீனாட்சியைப் புது விண்ணப்பத்தோடு வரிசையில் தனியாக நிற்கச் சொன்னேன். அவளுக்கு மலையாளம் எழுதத் தெரியாது. தெரியாதவர்களுக்குக் குமாஸ்தா எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். "கேட்கிறதுக்கு உள்ளதைச் சொல்லு, வேற எதுவும் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றேன். உச்சி வேளை, வரிசை வாசல்வரை. தாமோதரன் முகம் பார்க்காமல் கேட்டுக்கொண்டே எழுதினார். பேர்? மீனாட்சி. புருஷன்? சுப்பையா. "வீட்டுபேரு?" மீனாட்சி பயந்துபோய் இருமினாள். "வாடக வீடு சாரே." பேனா நிற்கவே இல்லை.

காகிதம் ஜன்னலுக்கு வெளியே வந்ததும் பிடுங்கிக்கொண்டு, மீனாட்சியையும் கூட்டிக்கொண்டு உள்ளறையில் இருந்த சூப்பிரண்டு அம்மாவிடம் ஓடினேன். அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவர். சாயா ஆறுவதைப் பொறுக்காதவர். புத்தகத்தை வரவழைத்து, பழைய பதிவையும் புதிய விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் வடக்கேவீட்டில். மீனாட்சியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார் அந்த அம்மா. அவள் சொன்னாள். சூப்பிரண்டு தலையைக் குனிந்து சிரிப்பில் குலுங்கினார். பிறகு நகலில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி, உள்ளிருந்தே கூப்பிட்டுக் கேட்டார்: "தாமோதரா, அந்தக் காலத்துல இந்த நாற்காலியில இருந்தது உன் அச்சனா?"

பேருக்கு ஒரு வீடு

அந்த நகலை வைத்துத் தாசில்தார் ஆபீஸில் ஊர்ச் சான்று கிடைத்தது. கடைசி நாளன்று, கல்லூரிக் கதவு சாத்துவதற்கு முன் சாந்தா அதை நீட்டினாள். இடம் நின்றது. ஆனால் சான்றில் இருப்பதுபோலத்தான் எழுதுவோம் என்று அங்கேயும் பிடிவாதம். வருகைப் பதிவிலிருந்து சம்பளப் பட்டியல் வரைக்கும் அவள் இனி வடக்கேவீட்டில் சாந்தா. இதைத் திருத்தவேண்டும், அது வீட்டுப்பேர் இல்லை, குமாஸ்தா ஒருவரின் காது என்று ஒரு மனு எழுத ஆரம்பித்தேன். எனக்குப் பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது.

மீனாட்சி என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் குடியிருக்கும் அறை தெற்குப் பார்த்தது, மழைக்கு ஒழுகுவது, எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லக்கூடியது. தூசி படிந்த தொண்டையால், ஆனால் இந்தத் தடவை ஓர் எழுத்தும் சிதையாமல் சொன்னாள்: "அழிக்காதீங்க அண்ணாச்சி, பேருக்காவது எங்களுக்கு ஒரு வீடு இருக்கட்டும்."

இத்தனை வருஷம் பழைய காகிதம் புரட்டி நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: ஒருவனுடைய பூர்வீகம் என்பது, அவன் தாத்தாவுக்குத் தொண்டை கட்டியிருந்த அன்று ஒரு குமாஸ்தாவின் காதில் விழுந்தது.