பாதி நீங்க, பாதி அரசாங்கம்

நன்கொடை கேட்கப் போகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, உட்காரச் சொல்லாத இடத்தில் முகம் வாடாமல் நிற்பது. பள்ளி ஆண்டு விழாவுக்கோ, கோயிலில் கூழ் ஊற்றவோ, கபடிப் போட்டிக்கோ நீங்கள் ஒரு தடவையாவது கடை கடையாக ஏறி இறங்கியிருந்தால் நான் சொல்லப் போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. பக்கத்தில் வந்து உட்காருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

நான் செஞ்சியில் ஓர் அரசுப் பள்ளியில் தொழிற்கல்வி டீச்சர். எங்கள் பள்ளியைத் தொழில்நுட்பச் சிறப்புப் பள்ளியாக்க ஒரு திட்டம் வந்தது. மெஷின் செலவில் பாதியை ஊர் வியாபாரிகள் தர வேண்டும், மீதிப் பாதியை அரசாங்கம் தரும். மார்ச் முடிவதற்குள் வியாபாரிகள் பங்கு சேர வேண்டும், ஒரு மெஷினாவது ஓடுவதை அதிகாரி நேரில் வந்து பார்க்க வேண்டும். தவறினால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். ப்ளஸ் ஒன்னில் புதிதாக ஆரம்பித்த பிரிவையும் மூடிவிடுவார்கள், அதில் சேர்ந்த பிள்ளைகள் நட்டாற்றில் நிற்பார்கள். "நீங்க நல்லா பேசுவீங்க டீச்சர்" என்று சொல்லித் தலைமையாசிரியர் அந்தப் பொறுப்பைத் தூக்கி என் தலையில் வைத்தார். அரசாங்க வேலையில் நன்றாகப் பேசுகிறவர்களுக்குக் கிடைக்கும் தண்டனை இதுதான்.

முதலில் யார்?

அரிசி மில் பரசுராமன் ஊரில் பெரிய கை. கோயில் தேருக்கு வடம் வாங்கினாலும், ஆஸ்பத்திரிக்கு பெஞ்சு போட்டாலும் முதல் பெயர் அவருடையதாக இருக்கும். அவரிடம்தான் முதலில் போனேன். தவிட்டுத் தூசு பறக்கிற இடத்தில் நின்றபடியே திட்டத்தை விளக்கினேன். தகடும் மரமும் அறுக்கிற கம்ப்யூட்டர் மெஷின் ஒன்று, வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் ஒன்று, இரண்டில் எதற்கு வேண்டுமானாலும் பங்கு தரலாம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கவர்மெண்ட்டு பணம் வந்துட்ச்சா?" என்றார். நீங்கள் தந்தால்தான் அது வரும் என்றேன். சிரித்தார்.

கல்வி அலுவலகத்துக்குப் போய், முதலில் கொஞ்சம் பணம் விடுவித்தால் வியாபாரிகளுக்கு நம்பிக்கை வரும் என்று கெஞ்சிப் பார்த்தேன். வியாபாரிகள் தந்த அத்தாட்சி எங்கே என்று திருப்பிக் கேட்டார்கள். மறுபடி மில்லுக்கு வந்தேன். எனக்கு உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. பரசுராமன் கணக்குப்பிள்ளையிடம் எனக்கு டீ சொல்லிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அவங்க முன்னாடி போவட்டும் டீச்சர், நான் பின்னாடியே வரேன். நான் முன்னாடி போயிட்டுத் திரும்பிப் பாத்தா, பின்னாடி ஒருத்தனும் இருக்க மாட்டான்."

அமாவாசைக் கூட்டம்

ஒவ்வொருவராகப் பார்ப்பதைவிட எல்லா வியாபாரிகளையும் ஓரிடத்தில் கூட்டி அதிகாரியைப் பேச வைக்கலாம் என்று தலைமையாசிரியர் முடிவு செய்தார். நல்ல யோசனைதான். அதிகாரி தேதி கொடுத்தார், அது அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஊரே கிளம்புகிற நாள், கிளம்பாதவன் பஸ் ஸ்டாண்டு கூட்டத்துக்குப் பூவோ எலுமிச்சம்பழமோ சாப்பாடோ விற்கிற நாள். இதைத் தலைமையாசிரியரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "மேலிடத்துத் தேதியை நாம மாத்த முடியுமா?" என்று முடித்துவிட்டார்.

ஷாமியானா போட்டு, நாற்காலிகளை வரிசையாக அடுக்கி, பிள்ளைகளை விறைப்பாக நிற்க வைத்திருந்தோம். அதிகாரியின் கார் சிறப்புப் பேருந்துகளுக்கு நடுவே மாட்டி, ஊர்ந்து வந்து சேர்ந்தது. காலி நாற்காலிகளைப் பார்த்து அவர் முகம் கறுத்தது. "இந்த ஊர்ல ஆர்வமே இல்ல போலிருக்கே" என்றார். அந்த ஒரு வாக்கியம் மேலே போனால் கதை முடிந்தது. தெருவுக்கு ஓடிப்போய், எதிரே இட்லி வியாபாரத்தில் மூழ்கியிருந்த ஹோட்டல்காரரைக் கையோடு இழுத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தேன். கையில் மாவோடு உட்கார்ந்த அவர், அதிகாரி கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "இன்னா சார் இது, அம்மனுக்கே இன்னிக்கு ஒரு நாள்தான் டைம் குடுக்கறோம், அதுல நீங்க வந்து பங்கு கேக்கறீங்களே."

கேட்டில் நின்றவர்

கூட்டத்துக்கு ஆள் வராத விஷயம் அந்த வாரமே பிள்ளைகள் வழியாக வீடுகளுக்குப் போய்விட்டது. காலையில் பள்ளி கேட்டில் ஏழுமலை நின்றிருந்தார். நெல் ஏலம் நடக்கிற மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். அவர் மகள் வளர்மதி என் பிரிவில் படிக்கிறாள், மெஷின் வருவதற்கு முன்பே மெஷினைப் பற்றி என்னைவிட அதிகம் கேள்வி கேட்கிற பெண். அவளை நர்சிங் பிரிவில் சேர்க்கத்தான் அவர் முதலில் நினைத்திருந்தார். நான்தான் அவர்கள் வீட்டுக்கே போய், இந்தப் பிரிவில் படித்தால் கம்பெனிக்காரர்களே தேடி வருவார்கள் என்று நீட்டி முழக்கியிருந்தேன்.

பிரிவை மூடிவிடுவார்களா என்று கேட்டார். அப்படியெல்லாம் ஆகாது என்றேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நாங்களா வரல டீச்சர், நீங்கதான் வூட்டுக்கு வந்து கூப்ட்டீங்க."

பொழுது சாய்வதற்குள்

ஸ்ரீபால் நயினார், மணிலா என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் எள்ளும் மொத்த வியாபாரம் செய்கிறவர், சொந்த நிலமும் உண்டு. பூர்வீகமாக இந்தப் பக்கத்துச் சமணக் குடும்பம். நான் போனபோது மாலை வெயில் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. விவசாயம் தெரிந்தவர்தானே என்று ட்ரோனிலிருந்து ஆரம்பித்தேன். ஒரே பறப்பில் வயல் முழுக்க மருந்து விழும், ஒரு பூச்சி தப்பாது என்று கையை வீசி வீசிச் சொன்னேன். யாரிடம் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது வாயை மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எறும்பு மிதிபடாமல் நடக்கிற மனிதரிடம் போய்ப் பூச்சிக் கொலைக்கு நன்கொடை கேட்டிருக்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து என்ன பயன்?

அவர் வாசலில் சாய்கிற வெயிலைப் பார்த்தார், எழுந்து உள்ளே போய்விட்டார். பொழுது சாய்ந்தால் அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்று கடைப் பையன் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனாலும் சாப்பிட்டுவிட்டு வந்து 'போய்ட்டு வாங்க' என்று சொல்லிவிட்டால்? உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கக் கேட்க, அடுத்துச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இன்னொரு மெஷின் இருக்கிறது ஐயா, தகடு அறுக்கும், மரம் அறுக்கும், எந்த உயிரையும் தொடாது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பிள்ளைகள் அதில் என்ன செய்வார்கள் என்று கேட்டார். விதை போடுகிற கருவிக்கு வேண்டிய வட்டத் தகடுகளைச் செய்யலாம் என்றேன். கணக்கு நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். "அந்த மெஷினுக்கு வியாபாரிங்க பங்கு முழுக்க என் பொறுப்பு, நாளைக்கே பேங்க்ல கட்டிடறேன். ஆனா டீச்சர், அந்தப் பறக்கறத வெச்சிக்கினு என் நிலத்துப் பக்கம் மட்டும் வராதீங்க."

பின்னாடி வந்தவர்

மறுநாள் நயினார் பேங்கில் பணம் கட்டிய செய்தி அன்று மாலையே மில்லுக்கு எட்டிவிட்டது. பரசுராமன் அவராகவே போன் செய்தார். ட்ரோனை அவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். செக்கை அதிகாரி வரும் நாளில், எல்லோரும் பார்க்க, மெஷினுக்குத் தன் கையால் பூசை போட்டுவிட்டுத்தான் தருவாராம். மெஷின் நயினார் தந்ததாயிற்றே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "குடுத்தது அவரா இருக்கட்டும் டீச்சர், கற்பூரம் நான்தான் காட்டுவேன்."

பொட்டு

நயினார் கட்டிய பணத்தை முன்பணமாக எடுத்துக்கொண்டு கம்பெனி மெஷினை இறக்கிவிட்டுப் போனது. அதிகாரி வருகிற நாள் காலையில் பரசுராமன் மாலை, பூசணிக்காய், எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கினார். மில்லில் மோட்டாருக்கு எப்படிச் செய்வாரோ அப்படியே எங்கள் மெஷினுக்கும் மூலைக்கு மூலை சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். நான் அந்த நேரம் வாசலில் அதிகாரியின் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் வினையாகப் போனது.

அதிகாரி வந்தார், பரசுராமன் கற்பூரம் காட்டினார். வளர்மதி பட்டனை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது, மெஷின் அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். சிவப்புதான். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மெஷின் கொடுத்த கம்பெனிக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. வாசலில் ஏழுமலை மற்ற பெற்றோரோடு நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன். வேலை நடக்கும்போது யாராவது கையை உள்ளே விட்டால் மெஷின் நின்றுவிட வேண்டும் என்பதற்காக ஓரத்தில் சென்சாரின் சின்னக் கண்ணாடி ஒன்று வைத்திருப்பார்கள். அந்தக் கண்ணாடியின் மேல் வட்டமாக, அழகாக, சந்தனப் பொட்டு. யாரோ கையை உள்ளே விட்டிருக்கிறார்கள் என்றே மெஷின் நினைத்துக்கொண்டிருந்தது.

புடவைத் தலைப்பை எடுத்துத் துடைக்கக் குனிந்தேன். "டீச்சர்!" என்று பரசுராமன் சத்தம் போட்டார். "நல்ல காரியத்துல வெச்ச பொட்ட அழிக்கறதா? எந்த வூட்லயாவது செய்வாங்களா?" அவர் முகம் சிவந்திருந்தது. செக் அவர் சட்டைப் பையில் இருந்தது. துடைத்தால் செக் போகும், துடைக்காவிட்டால் மெஷின் ஓடாது. இரண்டில் எது போனாலும் பிரிவு போகும். காரணத்தை விளக்கலாம் என்றால் அவர் கேட்கிற நிலையில் இல்லை. நல்லா பேசுகிற டீச்சருக்கு வாயில் ஒரு சொல் வரவில்லை, அழுகைதான் வந்தது.

அப்போது வளர்மதி முன்னால் வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கண்ணாடி மேல் இருந்த பொட்டை விரலால் பதமாக வழித்து எடுத்தாள், சிந்தாமல் மெஷினின் மேல்பட்டையில் நட்டநடுவே வைத்தாள், தட்டிலிருந்து குங்குமம் தொட்டு அதன்மேல் ஒற்றினாள், துப்பட்டாவை ஒதுக்கிக்கொண்டு கும்பிட்டாள். கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு பட்டனை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. மெஷின் உறுமிக்கொண்டு தகட்டில் இறங்கியது. பரசுராமன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரிடம் பணிவாக, ஆனால் பயமில்லாமல் சொன்னாள்: "அழிக்கல சார், நெத்தியில வெச்சிருக்கேன்."

கார் கதவு

பரசுராமன் செக்கைக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் அதை அந்தப் பொட்டில் ஒற்றி எடுத்தார். அதிகாரி கையெழுத்துப் போட்டார். பிரிவு மூடப்படாது, பிள்ளைகள் அதிலேயே ப்ளஸ் டூ போகலாம் என்று தலைமையாசிரியர் மைக்கில் சொன்னார். வாசலில் நின்ற ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வெயில் அதிகம்தான். நான் அழுதேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அதிகாரியை வழியனுப்பக் கார் வரை போனேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். கதவைச் சாத்தியவர் கண்ணாடியை இறக்கினார்: "வெரிகுட் டீச்சர், வர்ற வருஷத்துக்குப் புது ஸ்பான்சர் வேணும், இப்பவே பாக்க ஆரம்பிச்சிடுங்க."

பாதியும் பாதியும் சேர்ந்தால் முழுசு என்று படித்தவள்தான் நானும், ஆனால் அந்த இரண்டு பாதியும் ஒட்டுவதற்கு நடுவில் ஓர் ஆள் முழுசாகக் கரைய வேண்டும் என்பதை மட்டும் எந்தப் பாடப் புத்தகத்திலும் போடாமல் விட்டுவிட்டார்கள்.