வைட்ஃபீல்டு பெட்டியின் மூன்று நாள் லீவு

எங்கள் தொழிலில் போன் அடித்தால் ஏதோ உடைந்திருக்கிறது. அடிக்காவிட்டால் நாம் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. நெட் வரவில்லை என்றால் வீட்டிலும் திட்டு வாங்கும் சக ஜீவன்களே, உங்களுக்குப் புரியும். இணையத்தில் எந்தப் பெயரைத் தேடினாலும், 'அந்தப் பக்கம் போய்க் கேள்' என்று முதலில் கை காட்டுவது ரூட் சர்வர். உலகம் முழுக்க அதற்கு நகல்கள் உண்டு. வைட்ஃபீல்டில் இருக்கும் ஒன்று என் பொறுப்பு. பீட்சா டப்பா அளவுதான். ஆனாலும் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறேன்.

யாரும் தேடவில்லை

ஒருமுறை அப்டேட் போட்டுவிட்டு, 'பெட்டி தயார்' என்று மற்ற நெட்வொர்க்குகளுக்கு அறிவிக்கும் ஒரே ஒரு வரியை மறந்து தொலைத்தேன். மூன்று நாள் பெட்டி சும்மா கிடந்தது. கேள்விகள் தாமாகவே வேறு நாட்டு நகல்களிடம் போய்ப் பதில் வாங்கிக்கொண்டன. இந்த ஏற்பாட்டின் அழகே அதுதான். மேனேஜர் ரேகா மேடத்திடம் தலை குனிந்து ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் வினையாகப் போயிற்று.

"மூணு நாள் இல்லாம யாருமே கேக்கலன்னா அது எதுக்கு? மாசக் கடைசிக்குள்ள யாருக்காவது உபயோகம்னு காட்டுங்க, இல்லன்னா கழட்டிடலாம்."

எது பக்கம்?

ஜோகுபாளையத்தில் வீடுகளுக்கு நெட் கொடுப்பவர் முருகேஷ். அவருடைய வாடிக்கையாளர்களின் கேள்விகள் என் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சிங்கப்பூர் போய் வந்துகொண்டிருந்தன. புதிதாக யார் பாதை சொன்னாலும் நம்பாதே என்று அவர் எப்போதோ ரூட்டரில் போட்டுவைத்த தடைதான் காரணம். மெட்ரோ பிடித்து அல்சூரில் இறங்கி நேரிலேயே போய்விட்டேன். "வைட்ஃபீல்டு பக்கத்துலதானே இருக்கு, தடையை எடுங்களேன்" என்று கெஞ்சினேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பக்கமா? அண்ணா, நம்ம ட்ராஃபிக்குக்கு சிங்கப்பூரே பக்கம்!"

கேபிள் அறுந்த மதியம்

சிரித்தாலும் டீ வாங்கிக் கொடுத்துத் தடையை எடுத்துவிட்டார். அடுத்த வாரமே ஒரு மதியம், வெளிநாட்டுக்குப் போகும் கேபிள் எங்கோ அறுந்தது. ஜனங்கள் தினம் பார்க்கும் தளங்களில் முக்கால்வாசிக்கு ஊருக்குள்ளேயே நகல் இருக்கிறது. வழி சொல்லத்தான் ஆள் வேண்டும். சொன்னது என் பெட்டி. ஜோகுபாளையத்துக் கேள்விகள் ஒவ்வொன்றாக என் திரையில் ஏறுவதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்த நேரம் பார்த்து முருகேஷ் போன் செய்தார். பாராட்டப்போகிறார், பக்கத்தில் நின்ற ரேகா மேடமும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணா, கேபிள் அறுந்தும் ஒரு கஸ்டமர்கூட கூப்ட்டுத் திட்டல. என் போன் கெட்டுப்போச்சான்னு பயமா இருக்கு, ஸ்வல்ப ஒரு ரிங் குடுங்க!"

ரேகா மேடம் சிரித்த சிரிப்பில் பெட்டி பிழைத்தது. எங்களை யாரும் விசாரிக்காதவரை, அதுவும் நானும் ஒழுங்காக வேலை பார்க்கிறோம் என்று அர்த்தம்.