பெட்டியின் முதல் நான்கு விநாடிகள்

என் மதினியைப் பொய்க்காரி ஆக்கியது நான் எழுதிய நிரல். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

காமயகவுண்டன்பட்டியில் அண்ணனின் திராட்சைத் தோட்டத்து மோட்டாரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் பெட்டியை நானே மாட்டிக் கொடுத்திருந்தேன். போனிலிருந்தே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். அறுவடைக்கு முன் தண்ணீரை நிறுத்திவிடுவோம். அந்த நேரத்தில் தண்ணீர் பாய்ந்தால் பழம் வெடித்துவிடும். பாய்ந்தது. வெடித்தது.

"ஏன்டி மோட்டாரப் போட்ட?" வேலையாட்கள் முன்னால் மதினியிடம் அண்ணன் கத்தினார்.

"சத்தியமா நான் தொடலங்க. கரண்டு வந்ததும் அதுவா ஓடுச்சு."

நான் என்ன செய்தேன்? பெட்டி மோட்டாரைப் போட்ட நேரங்களின் பதிவைப் போனில் திறந்து நீட்டினேன்; அந்த நேரத்துக்கு ஒன்றும் இல்லை. "பெட்டி போடலண்ணே. யாரோ கையாலதான் போட்டிருக்காக." பெரிய நீதிபதி நான்!

மறுநாள் மதியம் கரண்ட் போய் வந்தபோது மோட்டார் ரூமில் நான் மட்டும்தான் நின்றேன். டப்பென்று ஸ்டார்ட்டர் பிடித்தது, மோட்டார் ஓடியது. போனில் ஒரு பதிவும் இல்லை.

அங்கேயே லேப்டாப்பை விரித்தேன். கரண்ட் வந்ததும் பெட்டியில் முதலில் எழுவது பூட்லோடர் என்ற சின்ன நிரல். சிப்பின் உலோகக் கால்களில் எது எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று சொல்ல அதற்கு டிரைவர் என்ற துணை நிரல் ஒன்று வேண்டும். அதை எழுதியிருந்தேன். பூட்லோடரின் டிரைவர் பட்டியலில் அதைச் சேர்க்கும் ஒரே ஒரு வரியை விட்டிருந்தேன், மடச்சி. பட்டியலில் இல்லாததை பூட்லோடர் கூப்பிடவில்லை. பூட்லோடர் ஓடும் அந்த முதல் நான்கு விநாடியும், மோட்டாரைப் போடும் கால் தன் இஷ்டத்துக்கு உயிரோடு நின்றது. ஸ்டார்ட்டருக்கு ஒரு தொடுதல் போதும், அப்படியே பிடித்துக்கொள்ளும். பதிவு எழுதும் நிரல் எழுவதோ அதற்கப்புறம்தான்.

மேலாளரைக் கூப்பிட்டேன். "உங்க அண்ணன் தோட்டத்துப் புகாரக் கஸ்டமர் மிஸ்டேக்னு போட்டு மூடியாச்சேம்மா," என்றார்.

"மூடுனதத் திறங்க சார். தப்பு என்னோடது."

வரியைச் சேர்த்து, மெயின் சுவிட்சைப் பத்துத் தடவை அணைத்துப் போட்டேன். மோட்டார் கம்மென்று கிடந்தது.

சாயங்காலம் அதே வேலையாட்கள் முன்னால் அண்ணனிடம் சொன்னேன்: "மதினி தொடவே இல்ல. பெட்டிதான் போட்டிருக்கு. தப்பு என்னோடது."

அண்ணன் சிரித்தார். "பெட்டிதானா? விடு தாயி, மிசினுன்னா அப்படித்தான்."

மதினி வெடித்த குலைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பொட்டி செஞ்சதுன்னா சிரிக்கிறாக. நான் செஞ்சேன்னப்ப ஊரே கேக்க வைஞ்சாக. நீயும் பக்கத்துலதான நின்ன?"