நடுப்பாகம் மட்டும் படித்தவள்

போன ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோ போனேன். ஸ்ரீபெரும்புதூரில். தியேட்டருக்குள் கால் வைத்துப் பல வருஷம் ஆகிறது... இப்போது சீட்டெல்லாம் பின்னால் சாய்கிறது. சாய்ந்தால் தூங்கிவிடுவேன் என்று நான் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

படம் ஒரு கொலைக் கதை. நாவலாக வந்து, பிறகு சினிமாவானது. ஓஹோ என்று எழுதுகிறார்கள், விருது வேறு கொடுத்திருக்கிறார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், 'இன்னும் பார்க்காதவங்களுக்குக் கதையை உடைச்சிட்டீங்களே' என்று எனக்குத் திட்டுக் கடிதம் வரும். முன்பு ஒருமுறை வந்திருக்கிறது.

அந்த நாவல் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒன்றாக இல்லை — மூன்றாக.

புரியவில்லையா? சொல்கிறேன்.

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாம் கம்பெனிப் பிள்ளைகள். தேவி இருக்கிற அறையில் மூன்று பெண்கள், மூன்று ஷிப்ட். ஒருத்தி எழுந்தால் ஒருத்தி படுப்பாள். அப்படிப்பட்ட அறைக்கு ஒரு கொலை நாவல் வந்தால் யார் முதலில் படிப்பது? பெரிய சண்டை. தேவி பிளேடை எடுத்தாள். புத்தகத்தின் முதுகைக் கீறி மூன்று துண்டாக்கி, கம்பெனி டேப்பைச் சுற்றி ஒட்டினாள். ஆளுக்கொரு பாகம்!

"இன்னாடி இது, கறிக்கடை மாதிரி கூறு போட்டு வெச்சிகினு கீறீங்க?" என்றேன்.

"ஷிப்ட் மாறும்போது பாகமும் மாறும் ஓனரம்மா. கடைசிப் பாகம் எடுத்தவளுக்குக் கொன்னவன் யாருன்னு தெரியும். செத்தது யாருன்னுதான் தெரியாது. நடுப்பாகம் சும்மா கெடக்குது, நீங்க படிக்கிறீங்களா?"

படிக்கிறீங்களா என்று கேட்டால் நான் முடியாது என்பேனா? வாங்கிக்கொண்டேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்; இந்தப் பத்திகூட நான் சொல்லச் சொல்ல தேவி எழுதுவதுதான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு பக்கம் முடிவதற்குள் குக்கரில் மூன்று விசில் வந்துவிடும். நடுப்பாகத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. டீக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகிறார்கள். இன்ஸ்பெக்டர் நாற்காலி போடுகிறார், சோடா வரவழைக்கிறார். நீட்டின பேப்பரில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, தலை நிமிர்ந்து வீட்டுக்கு வருகிறாள். பன்னிரண்டு பக்கம்! பொம்பளைக்கு என்ன மரியாதை என்று இரண்டு தடவை படித்தேன்.

சினிமாவில் அது ஒரு நிமிஷம்கூட இல்லை. பேனா கீறுகிற சத்தம்... அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் அந்தப் பேப்பர் எங்கெல்லாம் போகிறது என்று படம் காட்டுகிறதே! மேஜையிலிருந்து ஃபைலுக்கு, ஃபைலிலிருந்து கோர்ட்டுக்கு. ஒரு பாவமும் அறியாத டிரைவர் அதனால் ஜெயிலுக்குப் போகிறான். அவள் சொல்லாததையெல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசிப் பாகம் படிக்காத எனக்கு அப்போதுதான் அது தெரியும்.

பாப்கார்ன் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டேன்.

படம் முடிந்து வெளியே டீ குடித்தோம். நான், தேவி, இசக்கி. இசக்கி மாடி அறையில் இருக்கிறவன். திருநெல்வேலிப் பக்கம். ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை. என்னை ஆச்சி என்றுதான் கூப்பிடுவான். இரண்டு நாளாக லீவு என்று அறையிலேயே கிடந்தவனை, தேவிதான் படத்துக்கு இழுத்து வந்திருந்தாள்.

"இன்னாண்ணா, படம் பாத்துட்டு மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற?" என்றாள் தேவி.

"லீவெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றான் அவன். "கேட் பாஸப் புடுங்கிட்டாவ. ஸ்டோர்ல சென்சார் பொட்டி ஒண்ணக் காணோமாம். புதன்கெழம காலைல சி ஷிப்ட் முடிஞ்சு நான் கனமான பையோட ரூமுக்கு வந்தேன்னு யாரோ கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காவ. நாளைக்கு என்கொயரி. அதுல வெளிய தள்ளிட்டாம்னா, இந்தப் பக்கம் எந்தக் கம்பெனிலயும் உள்ள விட மாட்டான்."

"யாருண்ணா அந்தப் புண்ணியவான்?"

"தெரியல. சொல்ல மாட்டேங்கான்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

புண்ணியவான் இல்லை, புண்ணியவதி. நான்தான்.

வெள்ளிக்கிழமை ஒருத்தர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். 'ரூம் வெரிஃபிகேஷன் பாட்டி' என்றார். பையன் இங்கேதான் இருக்கிறானா, புதன்கிழமை எத்தனை மணிக்கு வந்தான், கையில் என்ன வைத்திருந்தான்... எல்லாம் கேட்டார். ஏழரைக்கு வந்தான், பை வைத்திருந்தான் என்றேன். மடமடவென்று எழுதினார். எழுதி முடித்து, பையிலிருந்து மை டப்பாவை எடுத்துத் திறந்தார்.

"கைநாட்டுதானே பாட்டி?"

எனக்கு வந்ததே கோபம்! யாரைப் பார்த்துக் கேட்கிறான்? "பேனாவக் குடுய்யா" என்று பிடுங்கி, முழுப் பெயரையும் இனிஷியலோடு போட்டேன். கோணல் இல்லாமல் வந்திருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. மேலே என்ன எழுதியிருக்கிறான் என்று பார்த்தேனா? அவன் எதிரில் எழுத்துக் கூட்டிப் படித்தால் மானம் என்ன ஆவது?

அந்தப் பையில் இருந்தது என்ன தெரியுமா? இட்லி மாவு. எங்கள் வீட்டு வழக்கம் அது. சி ஷிப்ட் முடிந்து வருகிறவர் வழியில் கடையில் எல்லா அறைக்கும் மாவும் பாலும் வாங்கி வர வேண்டும். அதில் ஒரு பாக்கெட் எனக்கு.

இதையெல்லாம் டீக்கடையிலேயே சொன்னேனா என்றால், இல்லை. ஷேர் ஆட்டோவில் வீடு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. தேவியிடம் ஒன்று மட்டும் கேட்டேன்.

"அந்த டீக்கடைக்காரம்மா... கடைசிப் பாகத்துல திரும்பி வருவாளா? நான் சொன்னது அது இல்லன்னு எங்கனா சொல்லுவாளா?"

"வர மாட்டாங்க ஓனரம்மா. கையெழுத்தோட அவங்க வேல முடிஞ்சிது."

எழுதினவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, படம் எடுத்தவரும் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடுகிறவள் எல்லாருக்கும் ஒரு நிமிஷம்தான் வேண்டியிருக்கிறது போல.

வீட்டு கேட்டில் இறங்கியதும் இசக்கியை நிறுத்தினேன்.

"கையெழுத்துப் போட்டது நான்தான்பா."

அவன் என் பக்கம் திரும்பினான். "நீங்களா ஆச்சி? வாசிச்சுப் பாத்துத்தான் போட்டியளா?"

இந்த வயதில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே கஷ்டமான வார்த்தை அடுத்து வந்ததுதான். "படிக்கல."

கத்துவான் என்று பார்த்தேன். கத்தவில்லை. படியேறிப் போய்விட்டான். அதற்குக் கத்தியிருக்கலாம்.

திங்கட்கிழமை காலையில் அவனுக்கு முன்னால் நான் கிளம்பி கேட்டில் நின்றேன். அவனோடு இரண்டு பஸ். வல்லக்கோட்டை முருகனுக்கு ஜன்னல் வழியாகவே ஒரு கும்பிடு. காண்ட்ராக்ட் ஆபீசில் அதே அடையாள அட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இசக்கியின் லைன் சூப்பர்வைசர்.

"பாட்டி எதுக்கு வந்தாங்க?"

"நான் கையெழுத்துப் போட்ட பேப்பர எடுப்பா. படிக்கணும்."

"நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க."

"ஏன், எனக்குக் கண்ணு இல்லியா?"

பேப்பரை நீட்டினார். அச்செழுத்து என்றால் பரவாயில்லை, அவர் கையெழுத்தோ எறும்பு ஊர்ந்த மாதிரி. விரலை வைத்து, சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். க... ன... மா... ன... மூன்று ஆண்பிள்ளைகள் எதிரில். காது வரைக்கும் சூடேறியது. அவர் பேனாவை மேஜையில் தட்டினார். போன் அடித்தது. டீ வந்தது, ஆறியது. நான் நிறுத்தவில்லை.

"கனமான பைன்னு எழுதிகீதே... யார் சொன்னது?"

"நீங்கதானே பைன்னு சொன்னீங்க?"

"பை நான் சொன்னது. கனம் யார் சொன்னது? நீ தூக்கிப் பாத்தியா?"

"சரி, உள்ள என்ன இருந்துச்சுன்னு நீங்க பார்த்தீங்களா?"

"பாத்தேனாவா? அவிச்சுத் தின்னேன்யா!"

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். பிறகு என்னை உட்காரச் சொல்லி, மாவு வழக்கத்தை முதலிலிருந்து கேட்டார். அடுத்த வரியைப் படித்தேன். 'கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சென்றார்' என்று இருந்தது. நான் கேட்கவே இல்லையே! காலையில் எல்லாருக்கும் மாவு வாங்கி வருகிற பிள்ளையிடம் என்ன கேள்வி கேட்பேன்?

"வேற பேப்பர் எழுதுப்பா. நான் சொன்னத மட்டும் எழுது."

எழுதினார். கையெழுத்துப் போடச் சொன்னார். "இரு" என்று அதையும் முதல் எழுத்திலிருந்து படித்தேன். வெளியே சாப்பாட்டு மணி அடித்து, மொத்த ஆபீசும் எழுந்து போயிற்று. என்னால் இவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகுதான் பேனாவைத் தொட்டேன்.

பெட்டி இன்னும் கிடைக்கவில்லை. ஸ்டோரில் திரும்ப எண்ணிப் பார்க்கிறார்களாம். ஆனால், "இவன் மேல வேற ஒண்ணும் இல்ல, ஆளை நிறுத்தி வைக்க முடியாது" என்று சூப்பர்வைசரே சொல்லிவிட்டார். புதன்கிழமை கேட் பாஸ் திரும்பி வந்தது. அன்றைக்கே பி ஷிப்ட். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு இறங்கி வந்த இசக்கி என் எதிரில் நின்றான்.

"ஆச்சி, இனிமே எவன் வந்து பேப்பர் நீட்டுனாலும் என்னையக் கூப்புடுங்க. நான் வாசிச்சுச் சொல்லுதேன்."

"உன்ன எதுக்குக் கூப்புடணும்? எனக்கே படிக்கத் தெரியும். போ, பஸ் போயிடப் போது."

சிரித்துக்கொண்டே ஓடினான். நான்கு நாள் கழித்து அன்றைக்குத்தான் அவன் பல்லைப் பார்த்தேன்.

ஆகவே சகலருக்கும் தெரிவித்துக்கொள்வது — என்னிடம் கையெழுத்து வாங்க வருகிறவர்கள், அன்றைக்கு முழுநாள் லீவு போட்டுவிட்டு வரவும்.